திருமுறைப் பதிப்பில் இடைவெளி

ஏட்டுச் சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெற்றிடம் விடும் வழக்கம் இல்லை. ஓலையின் இடக்கோடியில் தொடங்கிய எழுத்தாணி வலக்கோடிவரை இடையறாது சென்றது. மெய்யெழுத்தின் புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. அடியும் சீரும் சொல்லும் ஓதுவார் நாவிலும் கேட்போர் செவியிலுமே பிரிந்து நின்றன. இன்று பதிகம் ஒன்றைத் தாளிற் காண்போர்க்கு எழுத்தைப் போலவே வெற்றிடமும் கண்ணிற் படுகின்றது. அவ்வெற்றிடத்தை இட்டவர் யார், எதனை அளவாகக் கொண்டு இட்டார், அது பொருளுக்குத் துணையாகின்றதா, தடையாகின்றதா என்பன பதிப்பாராய்ச்சியில் விடத்தகாத வினாக்கள். கணினி அச்சுக்கோப்பு வந்தபின் இவை முன்னையினும் வலிவுற்றன, என்னை? முன்பு அச்சுக் கோப்பவர் கையால் இட்ட இடைவெளியை இப்பொழுது மென்பொருள் தானே கணக்கிட்டு இடுகின்றது ஆகலின்.

முதற்கண் இடைவெளியின் தொழில் யாதென்பது ஆராயற்பாலது. எழுத்து ஒரு தன்மைத்தாய் நின்று, பொருள் வேறுபடும் புணர்மொழிகள் தமிழிற் பல. 'செம்பொன்பதின்றொடி' என்னும் தொடர் உரையாசிரியர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. செம்பொன் பதின்றொடி எனப் பிரிப்பின் பொன்னின் நிறை பத்துத் தொடியாம். செம்பு ஒன்பதின்றொடி எனப் பிரிப்பின் செம்பின் நிறை ஒன்பது தொடியாம். எழுத்தில் வேற்றுமை இல்லை. பொருளிலோ பொன்னுக்கும் செம்புக்கும் உள்ள வேற்றுமை. இத்தகைய புணர்ச்சிகள் இசையால், அஃதாவது சொல்லும் ஓசை வேறுபாட்டால், பொருள் தெரியநிற்கும் என்றும், இவற்றுக்கு எழுத்தால் வரையறை கூறும் முறைமை இல்லை என்றும் தொல்காப்பியர் புணரியலில் உணர்த்தினார். எழுத்துச் செய்ய இயலாததனை ஓசையின் நிறுத்தம் செய்கின்றது என்பதே இதனாற் பெறப்படும் உண்மை. அச்சுத் தாளில் ஓசை இல்லை. ஆகவே அந்நிறுத்தத்தின் இடத்தில் வெற்றிடம் நிற்கின்றது. தாளில் உள்ள இடைவெளி நாவில் உள்ள நிறுத்தத்தின் குறி. இதனை மறந்து அதனை வெறும் அழகுப் பொருளாகக் கருதுதலே இற்றைப் பிழைகட்கெல்லாம் வேர்.

அச்சு வந்த வரலாற்றிலும் இவ்வுண்மை விளங்கும். 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழெழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. 1713-இல் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் தொழிற்படலாயிற்று. 1835-இல் அச்சகத்தின்மேல் இருந்த கட்டுப்பாடு நீங்கியபின் நம்மவர் அச்சுக்கூடங்கள் பெருகின. ஆறுமுக நாவலர் 1849-இல் சென்னையில் அச்சியந்திரம் வாங்கி யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். வசன நூல்களில் நிறுத்தக் குறிகளைத் திறம்பட ஆண்டு, எங்கே நின்று படிக்கவேண்டும் என்பதனைச் சைவ மாணவர்க்கு அவர் கண்ணாற் காட்டினார். அவர்க்குப்பின் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையர் முதலியோர், ஏட்டில் ஒன்றாய்க் கிடந்த தொடரைப் பிரித்துணரப் பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. அவர்கள் இட்ட ஒவ்வோர் இடைவெளியும் ஓர் உரைமுடிவு. சொல் இங்கே முடிகின்றது என்று துணிந்தாலன்றி அங்கே வெற்றிடம் விடல் ஆகாதன்றோ?

செய்யுட் பதிப்பில் இவ்விடைவெளி இருவகைப்படும். ஒன்று சீர்ப்பிரிப்பு, மற்றொன்று சொற்பிரிப்பு. முன்னையது ஓசைக்கு உரியது. பின்னையது பொருளுக்கு உரியது. பழைய அச்சுப் பதிப்புக்கள் பெரும்பாலும் சீர்ப்பிரிப்பைக் கொண்டன. 1950-களின் நடுவிலிருந்து மர்ரே எஸ். ராஜம் அறிஞர் குழுவின் துணைகொண்டு வெளியிட்ட மலிவுப் பதிப்புக்கள் சந்தி பிரித்துச் சொற்பிரிப்பைக் கொண்டன. இரண்டற்கும் நயமும் குறையும் உள. சீர்ப்பிரிப்பில் ஒரு சொல் இரு சீராகப் பிளந்து நிற்கும். இதனை யாப்பிலக்கணத்தார் வகையுளி என்பர். சொற்பிரிப்பில் பொருள் எளிதிற் புலனாகும். ஆயினும் குற்றியலுகரம் முதலியன மீண்டு வந்து அசை மிகும். பாடுவோன் அதனை அங்ஙனமே பாடின் ஓசை சிதையும்.

சென்னைக்கு மேற்கே உள்ள மூன்று பாடல்பெற்ற தலங்களைக் கொண்டே இவ்வேறுபாட்டைக் காட்டலாம். அம்பத்தூருக்குக் கிழக்கே பாடி என இன்று வழங்கும் திருவலிதாயமும், பூவிருந்தவல்லிக்கு அணித்தாய திருவேற்காடும் திருஞானசம்பந்தர் பதிகம் பெற்றவை. இரண்டும் முதல் திருமுறையில் உள்ளன. ஆவடியை அடுத்த திருமுல்லைவாயில் சுந்தரர் பதிகம் பெற்றது. அது ஏழாம் திருமுறையில் உள்ளது. திருமுல்லைவாயிற் பெருமான் திருநாமம் மாசிலாமணீசுவரர். மாசிலாமணி என்னும் தொடர் மாசு, இலா, மணி என மூன்று சொல்லாம். இதனைத் தேமா, கூவிளமாகச் சீர் பிரித்து அச்சிடின் 'மாசி லாமணி' என வரும். யாப்பறிந்தார்க்கு இதில் இடர் இல்லை; யாப்பறியாதார்க்கோ மாசித் திங்கள் கண்ணிற் பட்டு, 'லாமணி' என்பது பொருளற்றதோர் ஒலியாய் நிற்கும். திருவலிதாயத்தை 'திருவலி தாயம்' என இடம்விட்டு அச்சிடின், வலியன் என்னும் பறவை வழிபட்ட தலவரலாறு மறைந்து, தாயக்கட்டையும் தாயபாகமும் நினைவுக்கு வரும். ஊர்ப் பெயரும் இதற்கு விலக்கன்று. பூவிருந்தவல்லி என்பதனைப் பூ, இருந்த, வல்லி எனப் பிரித்து உணர்வார்க்குத் தோன்றும் பொருள், 'பூவி ருந்தவல்லி' எனக் கண்டார்க்குத் தோன்றாது.

இனிக் கணினியின் செயல் நோக்கற்பாலது. இது மேற்கூறிய இரண்டனுள் ஒன்றுமன்று, மூன்றாவதோர் அளவு. அதுதான் வரியின் அகலம். பக்கத்தின் வல ஓரம் இட ஓரத்தைப் போல நேராக நிற்கவேண்டும் என்று ஏவிய அளவில், மென்பொருள் வரியில் எஞ்சிய இடத்தைக் கணக்கிட்டு, அவ்வரியில் உள்ள இடைவெளிகளுக்குப் பங்கிட்டு விடுகின்றது. இத்தொழிலை டி.டி.பி. நிலையத்தார் 'ஜஸ்டிபை' செய்தல் என்பர். ஈய அச்சில் இதனைச் செய்த கோப்பாளர் பல கனமுள்ள வெற்றுத் துண்டுகளைக் கையாற் செருகினார். செருகும்போது சொல்லையும் கண்டார். கணினிக்குச் சொல் என ஒன்று தெரியாது. இடைவெளிக்குரிய குறியெண் ஒன்றே தெரியும். சீருக்காக இட்டதும் சொல்லுக்காக இட்டதும் அதற்கு ஒன்றே.

தமிழ்ப் பக்கத்தில் இதன் விளைவு ஆங்கிலப் பக்கத்தினும் மிகுதி. அதற்குக் காரணம் தமிழ்ச்சொல்லின் நீளம். வேற்றுமை உருபும் சாரியையும் இடைச்சொல்லும் ஒட்டிப் புணர்ச்சியால் ஒன்றாகும் நம் சொற்கள் வரிக்கு மூன்றும் நான்குமாகவே அமைகின்றன. 300 புள்ளி அகலமுள்ள ஒரு வரியில் சொற்கள் 264 புள்ளியைக் கொண்டன என்க, எஞ்சியது 36. அவ்வரியிற் பத்துச் சொல் இருப்பின் இடைவெளி ஒன்பது; ஒவ்வொன்றும் 4 புள்ளியாம். நான்கு சொல் இருப்பின் இடைவெளி மூன்று. ஒவ்வொன்றும் 12 புள்ளியாம். பன்னிரண்டு புள்ளி எழுத்தில் அஃது ஓர் எழுத்தின் முழு உயரத்துக்கு ஒப்பான வெற்றிடம். 1999-இல் வெளிவந்து இன்று அச்சுலகிற் பரவியுள்ள இன்டிசைன் என்னும் மென்பொருளில், சொல்லிடைவெளிக்கு இயல்பாக அமைந்த அளவு குறைந்தது 80 விழுக்காடு, விரும்பத்தக்கது 100, மிக்கது 133 என்பதாம். வரியில் வேறு வழி இல்லாதபோது அம்மேலெல்லையையும் கடந்தே அது வெளிவிடும். இவ்வெண்கள் ஆங்கில நூலுக்கு ஒருவாறு பொருந்துவன. குறுகிய பத்தியில் அமைந்த தமிழுக்குப் பொருந்துவன அல்ல.

பதிகச் சிறுநூல்களிற் காணப்படும் பிழையுள் மிகப் பெரியது ஒன்று உண்டு. நான்கடிப் பாடலை ஒரே பத்தியாகக் கொண்டு, அடிதோறும் வரியை முறித்து, முழுப் பத்தியையும் இருபுறமும் நேராக்கிவிடுகின்றனர். அங்ஙனம் செய்தவழி, முறித்த ஒவ்வோர் அடியும் ஓரம்வரை இழுபடுகின்றது. ஐந்து சீரடி சற்றே விரிந்து நிற்க, அதன்கீழ் இரண்டு சீரே உள்ள அடி, சீர் ஒன்று இடக்கோடியிலும் மற்றொன்று வலக்கோடியிலுமாகப் பிரிந்து நிற்கும். நடுவே உள்ள வெளியில் நின்று மூச்சுவாங்குவோன் பொருளையும் அங்கேயே விட்டுவிடுவான். கோயில் விழாவிலும் பிரதோட நாளிலும் அன்பர்கள் தம் பொருள் செலவிட்டு இலவயமாக வழங்கும் நூல்களிற்றான் இப்பிழை மிகுதி. அவர் அன்பிற் குறை சொல்லுதற்கில்லை. ஆயினும் அன்பால் அச்சிட்டது பிழையாற் பயன் குன்றலாகாது.

மின்பதிப்பிலிருந்து பாடலை எடுத்து அச்சிடுவார்க்கு வேறோர் இடரும் உண்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலிய முயற்சிகளால் தமிழ் நூல்கள் பல கணினியிற் கிடைப்பன ஆயின. இது பெரும் பேறு. ஆயினும் சீர்பிரித்த அச்சுநூலைப் பார்த்து ஏற்றிய பாடத்தில் சீரிடைவெளியே சொல்லிடைவெளியின் இடத்தில் நிற்கும். அப்பாடத்தில் 'மாசிலாமணி' என்று தேடுவோனுக்கு 'மாசி லாமணி' என நிற்பது அகப்படாது. இல்லை எனக் கணினி விடை சொல்லும். ஆராய்ச்சியாளன் அதனை நம்பின், உள்ள பாடலை இல்லை என்று எழுதுவான். ஓர் இடைவெளி நூலாராய்ச்சியையும் கெடுக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இதுகாறும் சொற்புறத்து இடைவெளி கூறப்பட்டது. இனிச் சொல்லகத்து இடைவெளி. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள வெளியை இணைதோறும் நுணுக்கமாகக் கூட்டியும் குறைத்தும் செப்பம் செய்தலைக் 'கெர்னிங்' என்றும், ஒரு வரி முழுதும் ஒரே அளவாகக் கூட்டிக் குறைத்தலை 'டிராக்கிங்' என்றும் அத்தொழிலார் வழங்குவர். முன்னையது ஈய எழுத்தின் உடலைக் கடந்து நீண்ட பகுதிக்கு இட்ட பெயரினின்று வந்தது. எழுத்துரு அமைப்போர் தக்கவாறு செய்துவைத்த கெர்னிங் நன்மையே பயக்கும். வரியை நிரப்புவதற்காக டிராக்கிங்கைக் கூட்டுதலே தீது.

அதன் தீமை தமிழெழுத்தின் இயல்பை நோக்கின் விளங்கும். 'கொ' என்பது இலக்கணத்தில் ஓர் எழுத்து. ஒரு மாத்திரை உடைய உயிர்மெய். யூனிகோடு முறையில் அது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியெண்களாற் சேமிக்கப்படும். தாளிலோ கொம்பு, ககரம், கால் என மூன்று உருக்களாகத் தோன்றும். எண்ணால் இரண்டு, உருவால் மூன்று, இலக்கணத்தால் ஒன்று. மென்பொருள் உருவை அளவாகக் கொண்டு வெளிவிடின் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாக எழுத்தே பிளவுபடும். விலகிய கொம்பு முன்னெழுத்தைச் சார்ந்ததுபோலத் தோன்றும். விலகிய கால் ரகரம்போல மயங்கும். ஏட்டில் காலும் ரகரமும் ஒரு வடிவினவாய் நின்றன. 'காடு' என்பதனையும் 'கரடு' என்பதனையும் இடம்நோக்கியே படித்தனர். வீரமாமுனிவர் காலந்தொட்டு வரிவடிவில் நிகழ்ந்த திருத்தங்களாலும் அச்சாலும் நீங்கிவந்த மயக்கத்தைக் கணினியின் கவனக்குறைவு மீட்டும் கொணர்தல் தகுமோ? வேற்காட்டைக் கரடாக்கும் அச்சு வேண்டா.

ஔகாரத்தில் இவ்விடர் இன்னும் நுண்ணிது. அம்மையின் திருநாமமாகிய 'கௌரி' என்பதனை எழுதுவோர் சிலர், கெகரத்தை அடுத்து ளகர உயிர்மெய்யை இட்டுக் 'கெளரி' என ஆக்கிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கணினிக்கு முன்னது இரண்டெழுத்துச் சொல், பின்னது மூன்றெழுத்துச் சொல். வரியிறுதியில் முன்னதன் முதலெழுத்துப் பிளவுபடாது. பின்னதோ 'கெ' என ஒரு வரியிலும் 'ளரி' என மறுவரியிலும் பிரியக்கூடும். எழுத்தினுள் அகரம் நிற்கும் நிலையை இறைவன் எங்கும் நிற்கும் நிலைக்கு உவமையாக்கித் திருவருட்பயனைத் தொடங்கினார் உமாபதிசிவனார். உயிரும் மெய்யும் பிரிவின்றி நிற்கும் எழுத்தைக் கொண்டு மெய்ப்பொருளை உணர்த்திய மரபினர்க்கு, அவ்வெழுத்தைத் தாளிற் பிளந்து காட்டுதல் ஒவ்வாது.

அற்றேல், ஏட்டில் இடைவெளியே இல்லாதபோதும் நால்வர் பாடல்கள் நின்று நிலவின. இன்று அது சிறிது கூடினும் குறையினும் வரும் கேடு என்னை எனின், கூறப்படும். ஏட்டைப் படித்தவன் ஆசிரியன்பாற் பாடங்கேட்டவன். ஓசை அவன் செவியில் முன்னரே இருந்தது. ஏடு அவனுக்கு நினைவுக்கருவி. இன்று ஆவடியினும் அம்பத்தூரினும் தொழிற்சாலைப் பணி முடித்து வந்து, கையிற் கிடைத்த சிறுநூலை விரித்துத் தாமே ஓதத் தொடங்கும் அன்பர்க்கு அந்நூலே ஆசிரியன். அது தவறான இடத்தில் நிறுத்தினால் அவரும் அங்கே நிறுத்துவார். அவர் நிறுத்தியவாறே அவர் மக்களும் கற்பர். ஏட்டில் இடைவெளி இன்மை படிப்போனை ஆராயச் செய்தது. தாளில் பொய்யிடைவெளி உண்மை அவனை ஆராயாது நம்பச் செய்கின்றது. இன்மையும் பிழையும் ஒன்றல்ல.

இடைவெளி புறத்தது, சித்தாந்த ஆராய்ச்சிக்கு அது பொருளன்று எனின், அதுவும் பொருந்தாது. அத்துவிதம் என்னும் ஒரு சொல்லை அகரம், துவிதம் எனப் பிரித்து, அவ்வகரத்துக்கு இன்மை, அன்மை, மறுதலை என்னும் மூன்றனுள் எப்பொருள் கொள்ளத்தக்கது என்று ஆராய்ந்து, அன்மைப் பொருளே கொண்டு மாபாடியத்தில் நிறுவினார் சிவஞான முனிவர். ஓர் எழுத்தைச் சொல்லினின்று பிரித்துணரும் முறையிலேயே கொள்கை வேற்றுமை தங்கியது. பிரிப்பின் அருமை அறிந்தவர் சைவர். அவர் பிரிக்கும் அதிகாரத்தை வரியின் அகலத்துக்கு விட்டுக்கொடுத்தல் முறையன்று.

கணினியே கூடாதெனின், அதுவும் உண்மையன்று. டொனால்டு குனூத் 1978-இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலும், அவர் மைக்கேல் பிளாஸ் என்பாரோடு 1981-இல் எழுதிய கட்டுரையும், வரிவரியாக அன்றிப் பத்தி முழுதையும் ஒருங்கு நோக்கி இடைவெளியைச் சமன்செய்யும் வழியைக் காட்டின. அவ்வழி இன்று பல மென்பொருள்களில் உள்ளது. கருவி திறமுடையது; ஏவுவார்க்குச் செய்யுளறிவு வேண்டும் என்பதே துணிபு.

ஆகவே திருமுறை அச்சிடுவார் கைக்கொள்ளத்தக்கன இவை. பாடலை இடப்புறம் மாத்திரம் நேர்செய்து, வலப்புறம் இயல்பாக விடுக. சீர்களுக்கு நடுவே ஒரே அளவான இடைவெளியை இடுக. அதனை விரியவோ சுருங்கவோ விடற்க. ஓர் அடி வரியிற் கொள்ளாதாயின் எழுத்தளவைக் குறைக்க, அல்லது சீரிறுதியில் மடக்கி உள்ளே தள்ளி இடுக, சொல்லை நெருக்கற்க. ஓதுதற்குச் சீர்ப்பிரிப்புப் பாடத்தையும், பொருளுணர்தற்கு அதன்கீழ்ச் சிறிய எழுத்திற் சொற்பிரிப்புப் பாடத்தையும் தருக. இரண்டையும் ஒன்றாய்க் கலக்கற்க. தேடுதற்குரிய மின்பாடத்தைச் சீர் பிரியாது தனியே வைக்க. 'சிவாய நம' போன்ற திருநாமத் தொடர்கள் வரியிறுதியில் உடையாதவாறு, முறியா இடைவெளி எனக் கணினியில் உள்ள குறியை நடுவே இடுக. உரைநடையில் இருபுறமும் நேர்செய்ய விரும்புவார், நெடுஞ்சொல்லை வரியிறுதியில் முறிக்க இசைக. தமிழர்க்கு அது புதிதன்று, ஏட்டிலும் உள்ளதே. முறிக்குங்கால் மறுவரி மெய்யெழுத்தால் தொடங்காமை காக்க. 'திருவே' என விட்டு, 'ற்காடு' எனத் தொடங்கும் வரி கண்ணுக்கும் நாவுக்கும் இடர் தருவது. டிராக்கிங் என்னும் இடைநிரப்பலைத் தமிழில் விலக்குக. இவையனைத்தும் முடிந்தபின், அச்சேறுமுன், பதிகம் வல்லார் ஒருவர் தாளை நோக்கி வாய்விட்டு ஓதுக. நாத் தடுக்கிய இடம் யாண்டு, அங்கே இடைவெளி பிழைத்தது என்று அறிக.

இவற்றுள் எதுவும் பொருட்செலவு மிகுவிப்பதன்று. நேர்செய்தலை நிறுத்துதற்கு ஒரு சொடுக்கு அமையும். ஓதிப் பார்த்தற்கு ஒரு நாழிகை அமையும். ஓசை கேட்டுக் கற்கும் வாய்ப்பு அருகிய இந்நாளில், அவ்வோசையின் குறியாய்த் தாளில் எஞ்சியிருப்பது இடைவெளி ஒன்றே. வலிதாயத்தையும் வேற்காட்டையும் முல்லைவாயிலையும் பாடிய திருவாக்குக்கள், எங்கே நின்று எங்கே தொடர்ந்தனவோ அங்ஙனமே அடுத்த தலைமுறைக்கும் சென்று சேர்தல், அவ்வெற்றிடத்தை அறிந்து இடுவார் கையில் உள்ளது.